விதிக்கு எத்தனை வேஷம்!

டெக்கீலா பாட்டில் ஒன்று கைக்கு வந்தால் திறக்க வேண்டாம், திருப்புங்கள். (மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு. நமக்கு வேண்டியது லேபிள் மட்டும்!) லேபிளின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் 'நோம்' என்றும், அதை ஒட்டி நான்கு இலக்க எண் ஒன்றும் அச்சாகியிருக்கும். அந்த எண்தான் உளவாளி. சரக்கை வடித்த உற்பத்தியாளர் யார் என்பதை அது போட்டு உடைத்துவிடும். ஒரு பாட்டில் படிகக் கண்ணாடியில் பளபளக்கும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். இன்னொன்று கடையின் அடித்தட்டில் தூசி படிந்து கிடக்கும். திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே எண்ணாகவும் இருக்கலாம். ஒரே ஆலைப் பிள்ளைகள்! நட்சத்திரங்களின் பெயரைப் போட்டு வரும் பிராண்டுகளின் பிறப்பு ரகசியத்தை ரசிகர்கள் இப்படித்தான் தோண்டி எடுக்கிறார்கள்.

'நோம்' என்பது சுருக்கம். விரித்தால் நோர்மா ஒஃபிசியால் மெஹிக்கானா, அதாவது மெக்சிகோ அரசின் அதிகாரபூர்வ 'நோர்மா'. டெக்கீலாவுக்கு உரியது 006-ஆம் எண் நோர்மா. பானத்துக்கான சர்க்கரையில் குறைந்தது 51 சதவீதம் நீலக் கற்றாழையிலிருந்து வந்தால்தான் அது டெக்கீலா என்று சொல்வது அதுதான்.

சரி, ஏன் நோர்மா? விதியைக் குறிக்க ஸ்பானிஷில் சொற்களுக்கா பஞ்சம்? லெய் இருக்கிறது, ரெக்லா இருக்கிறது, ரெக்லமென்டோ இருக்கிறது, பவுட்டா, எஸ்டாண்டர், கோடிகோ, கொஸ்டும்ப்ரே என்று ஒரு பட்டாளமே வாசலில் நிற்கிறது. அகராதியில் தேடினால் எல்லாம் ஒன்றின் முதுகை ஒன்று தட்டிக்கொடுக்கின்றன. ஆனால் எந்த இடத்தில் எது என்று யாரோ, எங்கோ, ஒரு மேஜையில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா? அந்த மேஜைகளைத்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம். சத்தம் போடாமல் வாருங்கள்.

முதலில் மெக்சிகோவிலேயே ஒரு வேடிக்கை. அங்கே 'நோம்' கட்டாயம், மீறினால் தொலைந்தீர்கள். 'நோர்மா மெஹிக்கானா' என்று இன்னொன்றும் இருந்தது. அது பொதுவாக விரும்பினால் பின்பற்றலாம் என்கிற வகை. இரண்டின் பெயரிலும் நோர்மா இருந்தால் குழப்பம் வராதா? 2020-ல் வந்த புதிய தரக் கட்டமைப்புச் சட்டம் ஒரே வெட்டாக வெட்டியது: கட்டாயமானது நோர்மாவாகவே இருக்கட்டும், விருப்பத்துக்கு உரியது இனி 'எஸ்டாண்டர்'. அப்பாடா என்று மூச்சு விட்டு அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினில் இறங்கினால், அங்கே எல்லாம் தலைகீழ்! ஸ்பெயினின் தொழில்நுட்பத் தரங்களுக்கு 'ஊனே' என்று பெயர். 'ஒரு ஸ்பானிய நோர்மா' என்பதன் சுருக்கம். ஏதாவது ஒரு சட்டம் அதைக் கையைக் காட்டிக் கட்டாயமாக்கினால் ஒழிய, அந்த நோர்மா வெறும் விருப்பத்துக்கு உரியது. கடலுக்கு அந்தப் பக்கம் மிரட்டும் சொல், இந்தப் பக்கம் 'உங்கள் இஷ்டம்' என்கிறது.

அடுத்த மேஜை இன்னும் சுவாரசியம். ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அதிகாரபூர்வ மொழிகளில் ஸ்பானிஷும் ஒன்று. தீர்மானங்கள் எல்லாம் ஸ்பானிஷிலும் வந்தாக வேண்டும். சிறைக் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 1955-ல் ஜெனீவாவில் ஓர் ஆவணம் பிறந்தது. ஆங்கிலத் தலைப்பில் 'ஸ்டாண்டர்ட்', 'மினிமம்', 'ரூல்ஸ்' என்று மூன்று சொற்கள் வரிசைகட்டி நின்றன. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பில் அது 'ரெக்லாஸ் மினிமாஸ்' ஆனது: குறைந்தபட்ச ரெக்லாக்கள். ஸ்டாண்டர்ட் எங்கே? காணோம்! யாரோ ஒரு புண்ணியவான் 'இது எதற்கு வீணாக' என்று சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டார். 2015-ல் அந்த ஆவணத்தைத் திருத்தி, 27 ஆண்டு சிறையில் இருந்தவரின் பெயரையே சூட்டினார்கள். இன்று அவை 'ரெக்லாஸ் நெல்சன் மண்டேலா', மொத்தம் 122.

இப்போது 1993-க்கு வாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குச் சம வாய்ப்பு தருவது பற்றி இன்னோர் ஆவணம். ஆங்கிலத் தலைப்பில் மறுபடியும் அதே 'ஸ்டாண்டர்ட் ரூல்ஸ்'. ஸ்பானிஷில்? 'நோர்மாஸ் உனிஃபோர்மெஸ்'! இந்த முறை ஸ்டாண்டர்ட் காணாமல் போகவில்லை, அது 'சீரான' என்ற பெயரடையாகிவிட்டது. ரூல்ஸ் நோர்மாவாகிவிட்டது. ஒரே நிறுவனம், கிட்டத்தட்ட ஒரே ஆங்கிலத் தொடர், இரண்டு வேறு ஸ்பானிஷ் முகங்கள். 1985-ல் சிறார் நீதிக்காக வந்தவை பெய்ஜிங் 'ரெக்லாஸ்'. 2010-ல் பெண் கைதிகளுக்காக வந்தவை பாங்காக் 'ரெக்லாஸ்'. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்குப் போனால், ஆங்கிலத்தில் 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்றாலே அங்கே 'நோர்மாஸ்'தான்.

ஏன் இப்படி? என் ஊகத்தைச் சொல்கிறேன். சிறைக்கான ஆவணத்தில் இருப்பவை இடத்திலேயே சரிபார்க்கக்கூடியவை: அறையில் வெளிச்சம் இருக்கிறதா, வைத்தியர் வந்தாரா, வீட்டுக்குக் கடிதம் போனதா. அதிகாரி சுவரில் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாக டிக் அடிக்கலாம். அங்கே ரெக்லா பொருந்துகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஆவணமோ ஒரு சமூகம் எந்த உயரத்துக்கு வர வேண்டும் என்று அளவுகோல் காட்டுகிறது. அங்கே நோர்மா. இது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேஜையில் உட்கார்ந்திருந்த ஆள் மாறியிருந்தார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்; உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த விளக்கம்தான் இன்னும் பிடித்திருக்கிறது!

வக்கீல்களிடம் போய் நின்றால் ஒரே அடியில் தெளிவு பிறக்கும் என்று நினைப்போம். பிறக்கிறது, கொஞ்ச நேரம். அவர்கள் கணக்கில் நோர்மா என்பது எல்லாவற்றையும் அடக்கும் பெரிய குடை. அரசியல் சாசனமும் நோர்மா, நாடாளுமன்றம் இயற்றும் லெய்யும் நோர்மா, அந்த லெய்யை நடைமுறைப்படுத்த அரசாங்கம் எழுதும் ரெக்லமென்டோவும் நோர்மா. ஸ்பெயினில் ரெக்லமென்டோ லெய்க்குக் கீழ்ப்படிந்தது, லெய் சொன்னதைத் தாண்டி மூச்சு விடக் கூடாது. 2003-இன் போக்குவரத்து விதித் தொகுப்புக்கு முழுப்பெயர் ரெக்லமென்டோ ஹெனரால் தெ சிர்குலாசியோன். சாலையில் போகிறவர் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'நோர்மாஸ் தெ ட்ராஃபிக்கோ' என்றே சொல்கிறார்கள். இதுவரை சரி. ஆனால் அதே ரெக்லமென்டோ விமானம் ஏறி ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போனால்? அங்கே அது எல்லா உறுப்பு நாடுகளையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும். உள்நாட்டு லெய் முரண்பட்டால் லெய்தான் ஒதுங்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2016-ல் வந்ததும் ஒரு ரெக்லமென்டோதான். மாட்ரிட்டில் குமாஸ்தா, பிரஸ்ஸல்ஸில் கலெக்டர்!

லெய் என்றதும் ஸ்பானியப் பேரரசின் பழைய தந்திரம் ஒன்று நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் விட மனசு வரவில்லை. மன்னரிடமிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஓர் ஆணை வரும். கப்பலில் மாதக்கணக்கில் ஆடி அசைந்து வந்து சேரும்போது உள்ளூர் நிலவரத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இருக்காது. அதிகாரி என்ன செய்வார் தெரியுமா? ஆணையை மரியாதையோடு வாங்கி, முத்தமிட்டு, தலைமேல் வைத்துக்கொள்வார். பிறகு ஒரு வாசகத்தை முழங்குவார்: கீழ்ப்படிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை! இது கலகம் அல்ல, கோமாளித்தனமும் அல்ல. சட்டம் ஒப்புக்கொண்ட நடைமுறை. மன்னருக்குச் சரியான தகவல் போகவில்லை, அவர் மறுபடி யோசிக்கட்டும் என்பது அதன் அர்த்தம். நம்மூர் 'ஆகட்டும், பார்க்கலாம்' இதன் ஒன்றுவிட்ட தம்பி. இன்றுவரை ஸ்பானிஷில் 'அக்காட்டார்' என்றால் தலைவணங்குவது, 'கும்ப்ளிர்' என்றால் செய்து முடிப்பது. இரண்டும் ஒன்றல்ல என்பது லத்தீன் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது ரெக்லா. இந்தச் சொல்லை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அவ்வளவு வேலை பார்க்கிறது அது. பள்ளிப் பையில் இருக்கும் அடிக்கோல் ரெக்லா. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் சேர்ந்து 'நான்கு ரெக்லாக்கள்'. புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிவைத்த வாழ்க்கை முறை ரெக்லா. விமான நிலையத்தில் தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவை 'என் ரெக்லா'. ஹவானா துறைமுகத்தின் எதிர்க்கரையில் ரெக்லா என்று ஓர் ஊரே இருக்கிறது. அங்கே ரெக்லா மாதா கோயில். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யொருபா வழிபாட்டு மரபுக்கும் கியூபாவில் 'ரெக்லா தெ ஓச்சா' என்று பெயர். கணக்கில் மும்மை விதி 'ரெக்லா தெ ட்ரெஸ்'. வாக்குவாதத்தில் எதிராளி அபத்தமாகப் பேசினால், 'அந்த மும்மை விதிப்படி பார்த்தால்...' என்று ஆரம்பித்து அவரை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அன்றாடப் பேச்சில் 'லா ரெக்லா' என்றால் மாதவிலக்கு. அதனால்தான் ஸ்பானிஷ் வகுப்பில் ஆசிரியை முதல் வாரமே எச்சரித்துவிடுவார்: விளையாட்டின் விதிகள் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்க வந்து, பன்மையை மறந்து, 'டியேனெஸ் லா ரெக்லா?' என்று கேட்டுத் தொலைக்காதே என்று. வகுப்பே கொல்லென்று சிரிக்கும். பன்மையில் ஒரு 'ஸ்' சேர்த்தால் மானம் பிழைத்தது.

இத்தனைக்கும் அந்தச் சொல்லின் அடிப்படை குணம் ரொம்பச் சாது. ஒரு கூட்டம் கூடி ஒப்புக்கொண்டதால் கடைப்பிடிக்க வேண்டியது, அவ்வளவுதான். அதனால்தான் ஆட்டங்களுக்கு ரெக்லா. ஆட விருப்பமில்லையா, எழுந்து போகலாம். நோர்மாவிலிருந்து அப்படி எழுந்து போக முடியாது; அது பிறந்த ஊர்க் காற்றில் கலந்திருக்கிறது.

கால்பந்தில் மட்டும் எல்லாச் சொற்களும் ஒரே மைதானத்தில் ஓடுகின்றன. உலகப் பொது விதிகள் 17-க்கும் ஸ்பானிஷில் 'ரெக்லாஸ் தெ ஹுவேகோ' என்று பெயர். வர்ணனையாளர் கத்தும்போது அது 'ரெக்லமென்டோ' ஆகிவிடும். தவறு நடந்தும் பந்து உங்கள் பக்கமே இருந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தாமல் கையை நீட்டுவாரே, அது 'லெய் தெ லா வென்டாஹா', சாதகச் சட்டம். எல்லாவற்றிலும் அட்டகாசம் 'லெய் தெல் எக்ஸ்'. ஒரு வீரரை அணி விற்றுவிடுகிறது. அவர் புது அணியின் சட்டையில் வந்து பழைய அணிக்கு எதிராகவே கோல் போடுகிறார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், ஆனால் புவியீர்ப்பு மாதிரி தப்பாது என்பது ரசிகர் நம்பிக்கை. 'முன்னாள் ஆளின் சட்டம்' என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். இங்கே லெய் அரசாங்கத்துடையது அல்ல, விதியுடையது. ஆம், நம் 'விதி'யேதான்!

அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் ஒரு நிமிடம் தலையை நீட்டலாம். ஸ்பெயினின் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருப்பின் அடிப்படைச் சாசனத்தைத் தொட வேண்டுமானால் அத்தனை உரிமையாளர்களும் ஒருமித்துத் தலையாட்ட வேண்டும். ஆனால் நீச்சல்குளம் எத்தனை மணி வரை, கொடியில் துணி எந்தப் பக்கம் என்பதெல்லாம் உள் 'நோர்மாஸ்', பெரும்பான்மை போதும். அந்தப் பெரும்பான்மையைத் திரட்டுவதற்குள் நடக்கும் சண்டையை மட்டுமே வைத்து 2003 முதல் 2006 வரை ஒரு தொலைக்காட்சித் தொடர் ஸ்பெயினையே சிரிக்க வைத்தது. தலைப்பு: 'இங்கே மனுஷன் குடியிருக்க முடியாது'.

சரி, இத்தனை சொற்களுக்கும் பட்டா எழுதிக் கொடுக்கும் அலுவலகம் எங்கே? மாட்ரிட்டில், பிராதோ அருங்காட்சியகத்துக்குப் பின்னால். 1713-ல் தொடங்கிய ரியால் அகாடெமியா எஸ்பான்யோலா, 1894 முதல் இந்தக் கட்டடத்தில். 46 நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து பெயர். பெரிய எழுத்து தனி, சின்ன எழுத்து தனி. உறுப்பினர் கோட்டு மாட்டும் கொக்கிகள்கூட மூப்பு வரிசைப்படி, பெயர் அட்டையோடு! முன்னவர் ஒருவர் காலமானால் பின்னவர்கள் அட்டை ஒரு கொக்கி முன்னால் நகரும். (இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கொக்கிகளை நினைத்தாலே எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் நடுக்கமும்.) வியாழக்கிழமை மாலை கூடுகிறார்கள். கூட்டத்துக்கு முன்னால் பிஸ்கட் சாப்பிடவென்றே ஓர் அறை. அதன் பெயரே பிஸ்கட் அறை. பிறகு லத்தீனில் ஒரு பிரார்த்தனை. பிறகு சொற்கள் மேஜைக்கு வரும்.

கிடங்கில் சுமார் ஒரு கோடி காகிதச் சீட்டுகள் இருக்கின்றன. ஒரு சொல் எங்கே, எப்போது, எந்தப் பொருளில் வந்தது என்று கையால் எழுதிய சீட்டுகள். இப்போது கணினியில் பெரும் சொற்றொகுதிகள். இந்த நூற்றாண்டின் ஸ்பானிஷைத் திரட்டும் தொகுதியில் 70 சதவீதம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, 30 சதவீதம்தான் ஸ்பெயினிலிருந்து எடுக்கிறார்கள். பேசுகிற வாய்கள் பெரும்பாலும் அங்கேதானே இருக்கின்றன.

அந்த அகராதியில் நோர்மாவைத் திறந்தால் ஒரு கூத்து: அது பின்பற்ற வேண்டிய ஒரு 'ரெக்லா' என்று கையைக் காட்டி நழுவிவிடுகிறது! ஆனால் இன்னொரு பொருளும் அங்கே பத்திரமாக இருக்கிறது: தச்சரும் கல்தச்சரும் மூலை பார்க்கும் மூலைமட்டம். லத்தீனில் நோர்மா மூலைமட்டம்தான், ரெகுலா நேர்க்கோல்தான். ஒரே கருவிப் பையிலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர்தான் இன்று சமூகத்துக்குக் கோணல் பார்க்கிறார்கள், கோடு போடுகிறார்கள். பவுட்டாவையும் சேர்த்துக்கொள்ளலாம்: அதுவும் கோடு போட்ட தாள் சம்பந்தப்பட்டது. கண்டிப்பில்லாமல் 'இந்தக் கோட்டில் எழுதினால் அழகாக வரும்' என்று சொல்லும் விதி. அர்ஜென்டினா விளம்பரத் துறையில் போய் பவுட்டா என்று சொன்னால் மட்டும் ஊடகத்தில் வாங்கிய விளம்பர இடம் என்று புரிந்துகொண்டு பில் கொடுத்துவிடுவார்கள்.

சொற்களை அவை யாரோடு சேர்ந்து நடமாடுகின்றன என்று பார்த்துப் பார்த்து எழுதியவர் மரியா மோலினேர். நூலகர். வீட்டிலேயே உட்கார்ந்து தனியாக ஒரு மாபெரும் பயன்பாட்டு அகராதியை முடித்தார்; 1966, 67-ல் இரண்டு பெரும் தொகுதிகளாக வந்தது. 1972-ல் அகாடெமி நாற்காலி ஒன்றுக்கு அவர் பெயர் வந்தது. கொடுக்கவில்லை. பெண்களுக்கு இடமில்லை என்று எந்த ரெக்லமென்டோவிலும் எழுதியிருக்கத் தேவையே இல்லை பாருங்கள், நோர்மா பார்த்துக்கொண்டது. 1978-ல்தான் கார்மென் கோண்டே முதல் பெண்ணாகத் தேர்வானார்.

அகாடெமிக்குள்ளேயே வெடித்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன். 'சோலோ' என்று ஒரு சின்னச் சொல். 'தனியாக' என்றும் பொருள், 'மட்டும்' என்றும் பொருள். குழப்பம் தவிர்க்க இரண்டாவதன் தலையில் ஒரு சாய்கோடு போடுவது பழக்கம். 2010-ல் எழுத்திலக்கண நூல் 'அந்தக் கோடு வேண்டாமே' என்றது. எழுத்தாளர்கள் விடுவார்களா? நாவலாசிரியர் ஆர்ட்டுரோ பெரேஸ் ரெவெர்டே போன்றவர்கள் உள்ளே உறுப்பினராக இருந்துகொண்டே கோட்டைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023 மார்ச்சில் அந்த வியாழக்கிழமைக் கூட்டம் ஒரு வாசகத்தை ஏற்றது: குழப்பம் வராத இடத்தில் கோடு கூடாது; குழப்பம் வரும் என்று எழுதுபவர் கருதினால் போடலாம். எழுதுபவர் கருதினால்! கோட்டுக் கட்சி வெற்றி விழா கொண்டாடியது. எதிர்க்கட்சி 'விதியில் எதுவும் மாறவில்லை' என்றது. ஒரு கோடுதான் ஐயா, ஒரே ஒரு கோடு, அதற்குப் பதின்மூன்று வருடம்!

இந்தக் கலாட்டாவுக்கெல்லாம் வெகு முன்பே, 1952-ல், உருகுவேயின் மொன்டெவிடேயோவில் இருந்த ருமேனியர் ஒருவர் இதன் முடிச்சை அவிழ்த்திருந்தார். எவ்ஹேனியோ கோசேரியு. மொழியில் 'என்னவெல்லாம் சாத்தியம்' என்பது அமைப்பு, 'வழக்கமாக என்ன நடக்கிறது' என்பது நோர்மா என்றார் அவர். அகாடெமி கட்டளையிடுவது நோர்மா அல்ல; ஜனங்கள் செய்துகொண்டிருப்பதுதான் நோர்மா. 'எனக்குத் தெரியும்' என்பதற்குக் குழந்தை 'சாபோ' என்று சொல்லும். இலக்கண அமைப்பு அதைத் தாராளமாக அனுமதிக்கிறது, ஆனால் ஊர் 'சே' என்றே சொல்கிறது. அமெரிக்காவில் பிறந்து ஸ்பானிஷ் தடுமாறும் லத்தீன் பிள்ளைகளை 'நோ சாபோ' பிள்ளைகள் என்று கேலி செய்தார்கள். இப்போது அவர்களே அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

ஆக, சமூகத்தின் எழுதாத விதிக்கு வந்துவிட்டோம். அதை எழுதியே தீருவேன் என்று கிளம்பியவர் வெனிசுவேலாவின் மனுவேல் அன்டோனியோ கர்ரேன்யோ. 1853-ல் வந்த அவருடைய நன்னடத்தைக் கையேடு படுக்கையிலிருந்து எழுவது, மேஜையில் கத்தியைப் பிடிப்பது, வீட்டுக்கு வந்தவரை வழியனுப்புவது என்று ஒன்றையும் விடவில்லை. லத்தீன் அமெரிக்காவில் யாராவது விருந்தில் முழங்கையை மேஜையில் ஊன்றினால் இன்றும் பாட்டிமார் 'கர்ரேன்யோ' என்று ஒரு முறை உச்சரித்தால் போதும். (உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் தெரேசா கர்ரேன்யோ இவருடைய மகள்.) புத்தகமே தேவைப்படாத காவலர் ஒருவரும் உண்டு: 'எல் கே டிரான்'. நாலு பேர் என்ன சொல்லுவாங்க! ஸ்பானிஷில் அந்த முழுக் கேள்வியையும் ஒரு பெயர்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். அவருக்குப் பயப்படலாம், அவரை அலட்சியம் செய்யலாம், அவரால் கல்யாணம் நின்றும் போகலாம்.

அர்ஜென்டினாவில் இன்னொரு நடை. அங்கே ஒருவனைப் பற்றிச் சொல்லக்கூடிய கடைசிக் கெட்ட வார்த்தை, 'அவனுக்குக் கோடிகோஸ் இல்லை'. சிநேகிதனைக் காட்டிக்கொடுத்தான், உடைமாற்றும் அறையில் நடந்த சண்டையை நிருபரிடம் உளறினான், இப்படி. சட்டப்படி அவன் பத்தரை மாற்றுத் தங்கமாக இருக்கலாம். கோடிகோஸ் இல்லை என்றால் முடிந்தது.

இந்தப் பெயர்ச் சண்டை விளையாட்டாக இல்லாத இடமும் ஒன்று உண்டு. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் 570 நகராட்சிகள். அவற்றில் 400-க்கும் மேற்பட்டவை கட்சி, சின்னம் எதுவும் இல்லாமல், பழங்குடி ஊர்க்கூட்டத்தின் முறைப்படி தங்கள் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. பொதுவேலைக்குக் கூலியில்லாமல் கை கொடுப்பது, ஊர்ப்பொறுப்புகளைச் சின்னதிலிருந்து பெரியதுக்குப் படிப்படியாக ஏற்பது எல்லாம் அந்த முறைக்குள் அடக்கம். 1995-ல் தேர்தல் சட்டம் இதை ஏற்றபோது வைத்த பெயர் 'ஊசோஸ் இ கொஸ்டும்ப்ரேஸ்', பழக்கவழக்கங்கள். எங்களுடையது வெறும் பழக்கம், உங்களுடையது சட்டமா என்று கேள்வி எழுந்தது. இன்று சட்டப் புத்தகத்தில் அது 'சிஸ்டேமாஸ் நோர்மாட்டிவோஸ் இண்டிஹெனாஸ்', பழங்குடி நோர்மா முறைகள். நோர்மா என்ற அந்த வேரை உள்ளே கொண்டுவந்தது சும்மா இல்லை. ஆனால் பேச்சில் பழைய பெயர் இன்னும் சௌக்கியமாக இருக்கிறது.

எழுதாத விதியை வைத்து ஒரு நகரத்தையே நடத்திப் பார்த்த ஆளைச் சொல்லாமல் விட்டால் பாவம். அன்டனாஸ் மோக்கஸ். கணிதமும் தத்துவமும் படித்தவர். கொலம்பியாவின் தேசியப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது, கூச்சல் போட்ட மாணவர் கூட்டத்தின் முன்னால் காற்சட்டையை இறக்கிக் காட்டிப் பதவியை இழந்தார். மக்கள் என்ன செய்தார்கள்? அவரைத் தலைநகர் பொகோட்டாவின் மேயராக்கினார்கள்! சர்க்கஸ் கூடாரத்தில் கல்யாணம் செய்துகொண்டார். சூப்பர்மேன் உடை மாட்டி 'சூப்பர் குடிமகன்' ஆனார். 1995-ல் அவர் செய்த காரியம்தான் நமக்கு வேண்டியது: சாலைச் சந்திப்புகளில் முகத்தில் வெள்ளை பூசிய மௌன நடிகர்களை இறக்கிவிட்டார். கோட்டைத் தாண்டி நிற்கும் காரின் ஓட்டுநரை அவர்கள் அப்படியே நடித்துக் காட்டுவார்கள்; சுற்றியிருக்கிற கூட்டம் சிரிக்கும். அபராதச் சீட்டு கிடையாது, விசில் கிடையாது. ஓட்டுநர் காது சிவக்கப் பின்னால் போவார். கூடவே கட்டைவிரல் படம் போட்ட 3,50,000 அட்டைகள்: ஒரு பக்கம் விரல் மேலே, மறுபக்கம் கீழே. நல்லது செய்தவனுக்கு மேலே, அடாவடிக்காரனுக்குக் கீழே என்று குடிமக்களே காட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மோக்கஸின் கணக்கு இதுதான்: மனிதனைக் கட்டுவது மூன்று. சட்டத்தின் நோர்மா, மனசாட்சியின் நோர்மா, ஊரின் நோர்மா. முதலாவதுக்கு அபராதப் பயம், இரண்டாவதுக்குக் குற்ற உணர்வு, மூன்றாவதுக்கு வெட்கம். மூன்றும் மூன்று திசையில் இழுத்தால் நகரம் கிழியும். மௌன நடிகர்கள் மூன்றாவதைத் தூண்டிவிட வந்தவர்கள்.

அதே 1995-ல் இன்னொன்றும் செய்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாவதும் சண்டையில் சாவதும் பெருகவே, மதுக்கூடங்களை அதிகாலை 1 மணிக்கு மூடச் சொன்னார். கொலம்பியக் கொச்சையில் குடிக்காத, புகைக்காத, நேரத்துக்கு வீடு திரும்புகிற சமர்த்துப் பிள்ளைக்கு 'கேரட்' என்று பெயர்: சனவோரியா. மேயரும் சளைக்காமல் இதற்கு 'கேரட் நேரம்' என்றே பெயர் வைத்தார். அது மேயரின் ஆணை. நாடாளுமன்றம் பார்க்கவில்லை, வக்கீல்களின் குடைக்குள் அது லெய் என்ற இடத்தைப் பிடிக்கவே முடியாது. கொஞ்ச நாளில் தெரு அதற்குத் தானே பட்டம் கட்டிவிட்டது: 'லெய் சனவோரியா', கேரட் சட்டம். அப்புறம் வக்கீல்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.